இருட்டு மாதங்களும் ஒரு பெட்டிக் குளிசையும்

தாதியின் பக்கம்



கடந்த வருடம் நவம்பர் மாதம். விடியற்காலை 5.30 மணிக்கு என் கைத்தொலைபேசி அடித்தது. அந்த நேரத்து அழைப்பு என்றால் நம் வீடுகளில் நெஞ்சு திடுக்கிடும். எடுத்துப் பார்த்தால் ரொறன்ரோவில் இருக்கும் என் அக்காவின் மகள். அங்கே முதல்நாள் இரவு 7 மணி.

"சின்னம்மா, டொக்டர் குளிசை எழுதித் தந்திருக்கிறார். வாங்கி வந்து ஒரு கிழமையாச்சு. பெட்டி உடைக்காமல் மேசையிலை கிடக்குது. போடட்டோ, விடட்டோ? நீங்கள் தாதியாய் இருந்தனீங்கள்தானே, சொல்லுங்கோ."

என்ன குளிசை என்று கேட்டேன். பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தாள். புளுஒக்செற்றீன், 20 மில்லிகிராம். எத்தனையோ வருடங்கள் விடுதியில் என் கையாலேயே நோயாளருக்குக் கொடுத்த மருந்து. மனச்சோர்வுக்கு உரியது.

"ஏன் பிள்ளை போடாமல் வைச்சிருக்கிறாய்?"

"மாமி கண்டால் எனக்கு விசர் எண்டு நினைப்பா. அம்மாவுக்குத் தெரிஞ்சால் இன்னும் மோசம்."

சகோதரிகளே, அவள் சொன்னதில் பிழையில்லை. இந்தக் கதை அன்று தொடங்கியதல்ல. அது அவளுக்கு மூன்றாவது குளிர்காலம். ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் முடியும்போது அவள் குரல் மாறும். தொலைபேசி எடுக்கமாட்டாள். பத்து மணித்தியாலம் தூங்கினாலும் எழும்ப மனமில்லை என்பாள். பாணும் சோறும் இனிப்புமாகச் சாப்பிட்டு உடம்பு கூடிவிடும். பிள்ளைகள் கேட்பதற்குப் பதில் சொல்லவும் அலுப்பு. பிறகு ஏப்ரல் வந்ததும் ஒன்றும் நடக்காதது போலச் சிரிப்பாள்.

அக்கா அவளைத் திட்டுவா. "நாங்கள் ஷெல்லடிக்குள்ளை பங்கருக்குள்ளை இருந்து உங்களை வளர்த்தம். உனக்கு அங்கை ஹீற்றரும் காரும் இருக்கு. என்ன குறை?" என்பா. அக்காவை மட்டும் குறை சொல்லி நான் தப்ப முடியாது. முதல் வருடம் நானும், "குளிர் எல்லாருக்கும்தானே பிள்ளை, எழும்பி முகத்தைக் கழுவிப்போட்டு வேலையைப் பார்" என்றுதான் சொன்னேன். உள நோய் விடுதியில் வேலை செய்த நானே அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அன்று காலை நான் அவளுக்கு உடனே பதில் சொல்லவில்லை. "இரண்டு நாள் பொறு பிள்ளை. படிச்சுப்போட்டுச் சொல்லுறன்" என்றேன். அந்தத் தேடலில் அறிந்ததையே இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். ஏனென்றால், இந்தப் பக்கத்தை வாசிக்கும் உங்களிலே பலருக்குக் கனடாவிலோ நோர்வேயிலோ இங்கிலாந்திலோ ஒரு மகளோ மருமகளோ சகோதரியோ இருப்பாள்.

இது என்ன நோய்?

நம் நாட்டில் வருடம் முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய ஒரே அளவு. யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். ஆனால் ரொறன்ரோவில் ஜூன் மாதத்தில் பதினைந்தரை மணித்தியாலம் நீளும் பகல், டிசெம்பரில் 9 மணித்தியாலத்துக்குள் சுருங்கிவிடும். ஒஸ்லோவில் 6 மணித்தியாலத்துக்கும் குறைவு. நோர்வேயின் வடக்கே உள்ள துரொம்சோ நகரில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே எழும்புவதே இல்லை. இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் வீடு திரும்பும் ஒரு பெண், வார நாட்களில் வெயிலைக் காண்பதே அரிது.

அமெரிக்காவின் தேசிய உளநல நிறுவகத்தில் ஹேர்பேர்ட் கேர்ன் என்றொருவர் தாமாக வந்து ஆராய்ச்சியாளர்களைச் சந்தித்தார். பொறியியலாளரான அவர், தம் மனநிலை பருவத்தோடு ஏறி இறங்குவதைப் பல வருடங்களாகக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். வைத்தியர் அல்ஃபிரட் லூவியும் அவருடைய குழுவினரும், பிரகாசமான ஒளி மனித உடலில் மெலற்றோனின் என்னும் சுரப்பைக் குறைக்கும் என்பதை 1980இல் காட்டியிருந்தார்கள். அந்த ஒளியைக் காலையிலும் மாலையிலும் கேர்னுக்குக் கொடுத்து, அவருடைய குளிர்காலப் பகலை நீட்டிப் பார்த்தார்கள். சில நாட்களிலேயே அவர் தேறினார். அந்த ஒருவரின் கதை 1982இல் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது.

பிறகு 1984இல் வைத்தியர் நோர்மன் றோசென்தாலும் அவருடைய குழுவினரும் இப்படிப்பட்ட 29 பேரைப் பற்றி எழுதி, இதற்குப் பருவகால மனச்சோர்வு என்று பெயரிட்டார்கள். றோசென்தால் தென்னாபிரிக்காவில் பிறந்து வளர்ந்தவர். வெயில் நாட்டிலிருந்து நியூயோர்க்குக்கு வந்த பிறகே, குளிர்காலத்தில் தமக்கும் சுறுசுறுப்புக் குறைவதை உணர்ந்தவர். நம் பிள்ளைகளின் கதையை அவர் தம் உடம்பிலேயே அறிந்திருந்தார் எனலாம்.

சாதாரண மனச்சோர்வில் பெரும்பாலும் தூக்கம் கெடும், பசி குறையும். இதிலோ தூக்கம் கூடும், மாச்சத்து உணவிலும் இனிப்பிலும் ஆசை கூடும், உடம்பு ஈயம் போலக் கனக்கும். அதனாலேயே வீட்டார் இதை நோய் என்று நினைப்பதில்லை. "நல்லாத் தின்னுறாள், நல்லாப் படுக்கிறாள், இவளுக்கு என்ன வருத்தம்?" என்பார்கள். தொடர்ந்து இரண்டு வருடமாவது அதே பருவத்தில் வந்து அதே பருவத்தில் விலகினால்தான் வைத்தியர்கள் இந்தப் பெயரைச் சொல்வார்கள். ஆண்களை விடப் பெண்களுக்கே இது கூடுதலாக வருகிறது.

காரணம் இன்னும் முழுமையாகத் தெளிவாகவில்லை. மூளையில் செரற்றோனின் என்றொரு இரசாயனம் இருக்கிறது. ரொறன்ரோவில் ஆரோக்கியமான 88 பேரின் மூளையைப் படம் பிடித்து ஆராய்ந்து, 2008இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். செரற்றோனினை உறிஞ்சி அகற்றும் புரதத்தின் அளவு, கோடையை விட இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் கூடுதலாக இருந்தது. புளுஒக்செற்றீன் போன்ற மருந்துகள் தடுப்பது அந்த உறிஞ்சலைத்தான். குளிர்காலச் சோர்வுக்கு இந்தக் குளிசைகளைச் சோதித்துப் பார்த்ததில் நியாயம் உண்டு என்பது இதனால் விளங்கும்.

குளிசையை எப்படிச் சோதிப்பது?

இங்கேதான் ஒரு சிக்கல். காய்ச்சலுக்குக் குளிசை கொடுத்தால், மாறியதா இல்லையா என்று இரண்டு நாளில் தெரிந்துவிடும். குளிர்காலச் சோர்வோ வசந்தம் வந்தால் தானாகவே விலகும் நோய். ஜனவரியில் ஒரு குளிசையைத் தொடங்கி ஏப்ரலில் ஒருத்தி சிரித்தால், அவளைச் சிரிக்கவைத்தது குளிசையா, வெயிலா?

இதனால் சோதனையைக் குளிர்காலத்துக்குள்ளேயே தொடங்கி முடிக்க வேண்டும். அதுமட்டும் போதாது. சேர்ந்தவர்களைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மருந்தும் மறுபகுதியினருக்கு அதே நிறம், அதே அளவில் மருந்தில்லாத வெற்றுக் குளிசையும் கொடுப்பார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, அவரைப் பரிசோதிக்கும் வைத்தியருக்கும் தெரியாது. தெரிந்தால் எதிர்பார்ப்பு வந்துவிடும். எதிர்பார்ப்பு வந்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் காணும்.

"வெற்றுக் குளிசை கொடுப்பது ஏமாற்று அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். இப்படி ஒரு வாய்ப்பு உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்கியே சேர்ப்பார்கள். விரும்பினால் இடையில் விலகலாம். நாம் இன்று நம்பிப் போடும் குளிசைகள் பலவற்றுக்குப் பின்னால், வெற்றுக் குளிசையை விழுங்கச் சம்மதித்த முகம் தெரியாத மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டும்.

சோதனைகள் சொன்னவை

1995இல் கனடாவில் வைத்தியர் றேமண்ட் லாமும் மற்றவர்களும் 68 பேரிடம் புளுஒக்செற்றீனை 5 வாரம் சோதித்த முடிவு வெளிவந்தது. மருந்து எடுத்தவர்களில் 100க்கு 59 பேர் நன்றாகத் தேறினார்கள். வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 100க்கு 34 பேர் தேறினார்கள். கேட்க நல்ல வித்தியாசம்தான். ஆனால் சோர்வை அளக்கும் புள்ளிகளின் சராசரியைப் பார்த்தபோது, இரு பகுதியினருக்கும் இடையிலான இடைவெளி உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பெரிதாக இருக்கவில்லை. 68 பேர் போதாது என்பதும் இதற்கு ஒரு காரணமாகலாம்.

சகோதரிகளே, அந்த 34 என்ற எண்ணைக் கொஞ்சம் பாருங்கள். மருந்தே இல்லாத குளிசையில் மூன்றில் ஒருவர் தேறியிருக்கிறார். அவர்கள் நடித்தவர்கள் அல்லர். கிழமை தவறாமல் ஓரிடத்துக்குப் போகிறார்கள். அங்கே ஒருவர் இருத்தி வைத்து, "எப்படி இருக்கிறீர்கள், தூக்கம் எப்படி?" என்று பொறுமையாகக் கேட்கிறார். வருத்தத்துக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது, சிகிச்சை நடக்கிறது என்ற நம்பிக்கை வருகிறது. இவையும் மனிதரைத் தேற்றும். விடுதியில் இதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

அடுத்து 2004இல் சேர்ட்ரலீன் என்ற மருந்தின் சோதனை வெளிவந்தது. இதில் 187 பேர், 8 வாரம். இங்கே வெற்றுக் குளிசையை விட மருந்து தெளிவாகவே முன்னுக்கு நின்றது.

பிறகு 2006இல் வந்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. லாமின் குழுவினர் கனடாவில் 4 நிலையங்களில், 3 குளிர்காலங்களாக 96 பேரைச் சேர்த்து, குளிசையையும் ஒளி விளக்கையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். குளிசையை மறைக்கலாம். விளக்கை எப்படி மறைப்பது? எரிகிறதா இல்லையா என்பது எவருக்கும் தெரியுமே! ஆகவே எல்லோருக்கும் ஒரு விளக்கும் ஒரு குளிசையும் கொடுத்தார்கள். பாதிப்பேருக்கு 10,000 லக்ஸ் அளவுள்ள பிரகாசமான விளக்கோடு வெற்றுக் குளிசை. மற்றப் பாதிப்பேருக்கு 100 லக்ஸ் அளவுள்ள மங்கல் விளக்கோடு 20 மில்லிகிராம் புளுஒக்செற்றீன். ஒவ்வொருவரும் காலையில் அரைமணி நேரம் விளக்கின் முன் இருக்க வேண்டும்.

8 வாரம் முடிந்தபோது இரு பகுதியிலும் 100க்கு 67 பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஒன்றுக்கொன்று சரிசமம்! முற்றாகச் சுகமானவர்கள் விளக்கில் 100க்கு 50, குளிசையில் 54. இதுவும் பெரிய வித்தியாசமல்ல. விளக்கில் முதல் வாரத்திலேயே கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. குளிசைக்குச் சில வாரங்கள் வேண்டியிருந்தன, பக்கவிளைவுகளும் சில கூடுதலாக இருந்தன. ஆனால் இந்தச் சோதனையில் இரண்டுமே இல்லாத மூன்றாவது பகுதி ஒன்று இருக்கவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வருமுன் காக்கலாமா?

இன்னொரு மருந்தின் சோதனை வேறு விதமானது. நோய் வரும் மாதம் முன்கூட்டியே தெரியும் என்றால், வருவதற்கு முன்னமே மருந்தைத் தொடங்கினால் என்ன? பியூப்ரோபியோன் என்ற மருந்தை, உடம்பில் மெதுவாகக் கரையும் வடிவத்தில், இலையுதிர் காலத்தில் நல்ல சுகமாக இருக்கும்போதே தொடங்கி, வசந்தம் தொடங்கியதும் நிறுத்தினார்கள். மூன்று சோதனைகளில் மொத்தம் 1042 பேர். முடிவு 2005இல் வெளிவந்தது. வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 100க்கு 28 பேருக்கு அந்தக் குளிர்காலத்தில் சோர்வு திரும்பி வந்தது. மருந்து எடுத்தவர்களில் 100க்கு 16 பேருக்கு வந்தது. அடுத்த வருடம், 2006இல், பருவகால மனச்சோர்வைத் தடுப்பதற்கென அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு அனுமதி கொடுத்தது. இந்த நோய்க்கென்று அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து இது.

விளம்பரத்தில் இதை எப்படிச் சொல்வார்கள்? "ஆபத்தை நாற்பது வீதத்துக்கு மேல் குறைக்கும்" என்பார்கள். அது பொய்யல்ல. ஆனால் நம் வீட்டுக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 100 பெண்கள் குளிர்காலம் முழுவதும் இந்தக் குளிசையைப் போடுகிறார்கள். அவர்களில் 72 பேர் குளிசை இல்லாமலே அந்த வருடம் தப்பியிருப்பார்கள். 16 பேருக்குக் குளிசை போட்டும் வருகிறது. நடுவில் உள்ள 12 பேரையே குளிசை காப்பாற்றியது. அந்த 12 பேரில் ஒருத்தி நம் மகளாக இருந்தால் அது பெரிய காரியம்தான். வருடா வருடம் தவறாமல் கடுமையாக வருபவளுக்கு இந்தக் கணக்கு அவள் பக்கம் சாயும். எப்போதாவது லேசாக வருபவளுக்கு அவ்வளவு சாயாது. இந்தச் சோதனைகளை நடத்தியது மருந்தைத் தயாரித்த நிறுவனமே என்பதையும் அறிந்திருப்பது நல்லது. அதற்காக முடிவைத் தள்ளிவிட வேண்டியதில்லை. விற்பவர் நிறுத்துக் கொடுத்ததை வீட்டிலும் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பது போலத்தான்.

குளிசையும் விளக்கும் தவிர, பேச்சு மூலமான சிகிச்சையும் உண்டு. அமெரிக்காவின் வேர்மொன்ற் பல்கலைக்கழகத்தில் கெலி றோஹன் என்ற பெண் ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் 177 பேரைக் கொண்டு செய்த ஆய்வில், விளக்கும் சிந்தனை நடத்தைச் சிகிச்சையும் அந்தக் குளிர்காலத்தில் ஒரே அளவு உதவின. ஆனால் இரண்டாவது வருடக் குளிர்காலத்தில், விளக்கு முறையில் இருந்தவர்களில் 100க்கு ஏறத்தாழ 46 பேருக்கும், பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் 27 பேருக்கும் சோர்வு திரும்பியிருந்தது. கற்றுக்கொண்டது கையோடு கூட வருகிறது போலும்.

அவளுக்கு நான் சொன்னது

இரண்டு நாள் கழித்து நானே அழைத்தேன். போடு என்றோ விடு என்றோ சொல்லவில்லை. 8,000 மைல்களுக்கு அப்பால் இருந்து, பரிசோதித்துப் பாராமல் அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. மேலே எழுதியவற்றை எளிமையாகச் சொல்லிவிட்டு, வைத்தியரிடம் கேட்பதற்கு நான்கு கேள்விகளை எழுதச் சொன்னேன்.

ஒன்று, விளக்கா குளிசையா, என் நாளுக்கு எது பொருந்தும்? இரண்டு, முன்பு எப்போதாவது அளவுக்கு மீறிய உற்சாகம், தூக்கமின்றி ஓடித்திரிந்த நாட்கள் இருந்தனவா என்று என்னிடம் விசாரித்தீர்களா? (இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கு இந்தக் குளிசைகளும் விளக்கும்கூட மனத்தை மறுபக்கம் தூக்கிவிடலாம்.) மூன்று, கர்ப்பம், பாலூட்டல், வலிப்பு, கண் வருத்தம், போடும் வேறு மருந்துகள் பற்றி எல்லாம் சொல்லிவிட்டேனா? நான்கு, எத்தனை வாரம் பொறுத்துப் பார்ப்பது, எப்போது, எப்படி நிறுத்துவது?

அவள் வைத்தியரிடம் போனாள். விளக்கே அவளுக்கு முதலில் விருப்பம். ஆனால் அவள் தொழிற்சாலை வேலைக்கு விடிய 5.30க்கே வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும். அதற்கு முன் இரண்டு பிள்ளைகளுக்கும் சாப்பாடு கட்ட வேண்டும். அரைமணி நேரம் சும்மா ஒரு விளக்கின் முன் இருப்பது அவள் வீட்டில் நடக்காத காரியம். சோதனையில் இரண்டும் சரிசமம். ஆனால் குசினியில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு அவை சரிசமம் அல்ல என்பதை நான் அப்போதுதான் உணர்ந்தேன். அவளும் வைத்தியரும் பேசி, குளிசை என்றே முடிவு செய்தார்கள்.

முதல் பத்து நாள் வயிற்றைப் பிரட்டியது, தூக்கம் குழம்பியது. "சின்னம்மா, இது வேலை செய்யேல்லை. விடப்போறன்" என்றாள். முதலில் பக்கவிளைவு வரும், பலன் பின்னாலே வரும், மனம் இன்னும் மோசமானால் உடனே வைத்தியருக்குச் சொல்ல வேண்டும், மற்றபடி நீயாக நிறுத்தாதே என்றேன். குறிப்பாக இளவயதினரில் சிலருக்கு, தொடக்க வாரங்களில் தன்னை மாய்க்கும் எண்ணம் கூடலாம் என்பதால் அந்தக் காலத்தில் வீட்டார் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும். அவள் கணவரிடம் அதை நானே நேரடியாகச் சொன்னேன்.

அக்காவிடமும் பேசினேன். அதுதான் எனக்குக் கடினமான வேலை. "அக்கா, நாங்கள் பங்கருக்குள்ளை இருந்தது உண்மை. ஆனால் வெளியிலை வந்தால் வெயில் இருந்தது. அவளுக்கு அது இல்லை" என்றேன். அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் ஏசினது அவளுக்கு மனசிலை கிடக்குமோ?" என்று கேட்டா. "அதை அவளிட்டையே கேளுங்கோ" என்றேன். கேட்டா. இருவரும் அழுதார்களாம்.

டிசெம்பர் கடைசியில், அங்கே பகல் மிகக் குறுகியிருந்த நாட்களில், அவளாகவே என்னை அழைத்தாள். பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டதாகவும், அவர்களோடு பனியில் நடந்துவிட்டு வந்ததாகவும் சொன்னாள். குரல் பழைய குரல்.

குளிசை வேலை செய்துவிட்டது என்று நான் இங்கே எழுதிவிடலாம். ஆனால் மேலே அத்தனை எண்களையும் உங்களுக்குச் சொன்ன பிறகு அப்படி எழுதுவது நேர்மையல்ல. அது வசந்தம் அல்ல என்பது மட்டும் நிச்சயம், ஏனென்றால் வெயில் இன்னும் வரவில்லை. குளிசையாக இருக்கலாம். கிழமை தவறாமல் வைத்தியரைக் கண்டதாக இருக்கலாம். அம்மா மன்னிப்புக் கேட்டதாக இருக்கலாம். ஒருத்தியை வைத்து அதைப் பிரித்தறிய முடியாது. அதற்காகத்தானே நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டு சோதிக்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியவை

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள தாய்மாரே, ஒக்டோபரிலிருந்து அவர்களின் குரலைக் கவனியுங்கள். தொலைபேசி எடுக்காவிட்டால் கோபிக்காமல் மறுநாளும் எடுங்கள். "சோம்பல்", "விசர்" என்ற இரண்டு சொற்களையும் வாயிலிருந்து அகற்றுங்கள். பகல் வெளிச்சத்தில் கொஞ்சமாவது நடக்கச் சொல்லுங்கள். முகில் மூடிய பகலிலும் வீட்டுக்குள்ளே உள்ள விளக்கை விட வெளியில் வெளிச்சம் கூட. இங்கிருந்து குளிசை வாங்கிப் பார்சலில் அனுப்பாதீர்கள். ஒருவருக்கு எழுதிய குளிசையை மற்றவர் போடக்கூடாது. சுகம் வந்துவிட்டது என்று திடீரென நிறுத்தவும் கூடாது. வைத்தியரின் சொற்படி மெல்ல மெல்லவே நிறுத்த வேண்டும்.

நம் நாட்டில் மாரி மழைக்கு மனம் மந்தமாவது இந்த நோய் அல்ல. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் மனம் எழும்பாவிட்டால், அது எந்தப் பருவமாக இருந்தாலும் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். கனடாவில் உள்ளவர்கள், உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் 988 என்ற இலக்கத்தை அழைக்கலாம். 2023ஆம் ஆண்டு நவம்பர் கடைசியில் தொடங்கப்பட்ட சேவை அது.

இந்த வருடம் ஒக்டோபர் வருவதற்கு முன்னரே வைத்தியரைக் காண்பதாக என் பெறாமகள் சொல்லியிருக்கிறாள். குளிசைப் பெட்டி இப்போது ஒளித்து வைக்கப்படவில்லை. குசினி அலுமாரியில், தேயிலைப் பேணிக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். மாமியே சில நாட்களில் எடுத்துக் கொடுக்கிறாவாம்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் தாதி